மூணாவது காதுக்கு எங்கே போறது, தாயி?

போன மாசம் எங்க குலசாமி கோயில்ல காதுகுத்து. என் பேத்தி பெத்த மகனுக்கு, அதாவது என் கொள்ளுப்பேரனுக்கு, 11ஆம் மாசம். மொட்டை போட்டு, சந்தனம் தடவி, தாய்மாமன் மடியில உக்கார வச்சாச்சு. ஆசாரி வலது காதுல ஒரு குத்து குத்தினாரு. பிள்ளை மூச்சை உள்ளே இழுத்தான். அந்த மூச்சு அழுகையா வெளியே வர்றதுக்குள்ள இடது காதும் முடிஞ்சுபோச்சு. அதுதான் கைத்தொழில். அப்புறம்தான் பிள்ளைக்கே விஷயம் விளங்கி, கோயில் மணி அதிர்ற மாதிரி கத்தினான்.

பேத்தி கூட்டத்துக்கு நடுவுல கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறா. பெத்த வயிறு துடிக்குது போலன்னு நினைச்சேன். அவ சொன்னா: “ஐயோ, ரெக்கார்டே ஆகலை! ஆசாரி, இன்னொரு தடவை குத்துங்களேன்!”

ஆயிரம் காது கண்ட மனுசன் அவரு. நிமிந்து பாத்து ரொம்ப மரியாதையாக் கேட்டாரு: “குத்திடலாம் தாயி. மூணாவது காது எங்க இருக்குன்னு மட்டும் காட்டு.”

சனமெல்லாம் சிரிச்சுச்சு. பேத்தியும் சிரிச்சா. சிரிச்ச கையோட அந்தச் சிரிப்பையும் படம் பிடிச்சுப் போட்டா. ஆசாரி இப்ப எங்க வட்டாரத்துல பெரிய ஆளு. ‘மூணாவது காது ஆசாரி’ன்னு கூப்பிட்டுச் செல்ஃபி எடுக்கிறாங்களாம். குத்துறதுக்கு மட்டும் யாரும் கூப்பிடலையாம். அவரு என்கிட்ட வந்து நொந்துக்கிட்டாரு. ‘உமக்கு எழுபது வயசு, பேர் கெட்டாலும் இன்னும் கொஞ்ச நாளுதான். அந்தப் பதினோரு மாசப் பிள்ளையை நினைச்சுப் பாரும்’னு ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

நான் பெரிய படிப்பாளி இல்லை. சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல வேப்பமரத்தடியில பெட்டி போட்டு, 40 வருசம் பத்திரம் எழுதினவன். அடுத்தவன் சொத்தை அடுத்தவன் பேருக்கு மாத்தி மாத்தி எழுதியே விரல் தேஞ்சது. அதனால எதைப் பாத்தாலும் ‘இது யார் சொத்து, யார் யாருக்கு எழுதிக் கொடுக்கிறாங்க’ன்னு பாக்கிற புத்தி. இந்தப் படம் போடுற விசயத்தையும் அந்தக் கண்ணாலதான் பாக்கேன். பேத்தி கோவிச்சுக்க மாட்டா. நான் சொல்றதைக் கேட்டாத்தானே கோவிக்கிறதுக்கு?

முதல்ல கண்ணு விசயத்துக்கு வாரேன்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு வளந்த கூட்டம் நாங்க. எங்க அம்மாவுக்கு எனக்கு முன்னால ரெண்டு பிள்ளை தங்கலை. நான் பிறந்ததும் என்னைக் குப்பைமேட்டுல கிடத்தி, பக்கத்து வீட்டுக் கிழவி எடுத்துக்கிட்டுப் போய், அவகிட்ட ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினாங்களாம். அதனால வீட்டுல இன்னைக்கும் நான் குப்புதான். எங்க தெருவுல குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டின்னு ஆளுக்கொரு பேரு. எமன் வந்து ஆள் எடுக்கிறப்போ, ‘சீ, இதைப் போயி எடுத்துக்கிட்டுப் போவாங்களா’ன்னு முகம் சுளிச்சுட்டுப் போகணும்கிற கணக்கு. பிள்ளை அழகா இருந்தா ‘கழுதைக்குட்டி மாதிரி இருக்கு’ன்னு சொல்லணும். கொழுகொழுன்னு இருந்தா ‘நோஞ்சான்’னு சொல்லணும். ஊருக்கே ரகசியம் காக்கத் தெரியும்.

மூடநம்பிக்கைதான். நான் இல்லேங்கலை. ஆனா அந்த மூடத்தனத்துக்குள்ள ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்துச்சு. பாக்கிறவன் எல்லாரும் நல்ல எண்ணத்தோட பாக்க மாட்டான்கிற ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்குத்தான் கன்னத்துல ஒரு கறுப்புப் பொட்டு.

என் பேத்தியும் பழக்கம் மாறாத பொண்ணு. காலையில பிள்ளையைக் குளிப்பாட்டி, கண்ணு படக்கூடாதுன்னு கன்னத்துல மை வைப்பா. வச்சு முடிச்சதும் அந்த மையோட படம் எடுத்து 40,000 கண்ணுக்குக் காட்டுவா. இல்லை, தப்பாச் சொல்லிட்டேன். 40,000 பேரு, ஆளுக்கு ரெண்டு கண்ணு. போன வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல்னதும் உப்பும் மிளகாயும் எடுத்துக்கிட்டு ஓடி வந்தா. “தாத்தா, யார் கண்ணு பட்டுச்சோ, சுத்திப் போடுங்க.” நான் கேட்டேன்: “சுத்திருவோம் தாயி. கண்ணுக்கு ஒரு மிளகாய்னு கணக்குப் பாத்தா விருதுநகர் மார்க்கெட்டுக்கு லாரி அனுப்பணும். வாடகையை மாப்ளை தருவாரா?”

முட்டை சுத்திப் போடுறதும் நம்ம வழக்கம். பிள்ளை தலையைச் சுத்தி, தெரு முக்குல உடைப்போம். 2023ல வெளிநாட்டுல ஒரு கூத்து நடந்துச்சாம். அம்மாமாரு கேக்கு செய்யறாப்புல பிள்ளையைப் பக்கத்துல நிறுத்தி, திடீர்னு பிள்ளை நெத்தியிலயே முட்டையை உடைச்சு, அது முழிக்கிற முழியைப் படம் எடுத்து டிக்டாக்குல போட்டாங்களாம். கோடிக்கணக்குல பாத்தாங்களாம். நாங்க கண்ணு போறதுக்கு முட்டை உடைச்சோம். அவுக கண்ணு வர்றதுக்கு உடைக்காக. முட்டை ஒண்ணுதான், முகவரி மட்டும் மாறிப்போச்சு.

இனி என் தொழிலுக்கு வாரேன்.

முப்பது வருசத்துக்கு முந்தி ஒருத்தர் வந்தாரு. தாத்தா வழியில மகன் பேருக்கு எழுதி வச்ச ரெண்டு ஏக்கர் கரிசல். மகனுக்கு ஏழு வயசு. “அப்பன் நான் இருக்கேன்ல, கையெழுத்துப் போடுறேன், கிரயம் எழுதுங்க”ன்னாரு. நான் பேனாவை மூடிட்டேன். 1956ஆம் வருசத்து இந்து மைனர் கார்டியன் சட்டப்படி, பெத்த அப்பனே ஆனாலும் மைனரோட நிலம், வீட்டைக் கோர்ட்டு அனுமதி இல்லாம விக்க முடியாது. மீறி வித்தா, பையன் மேஜரான பிறகு மூணு வருசத்துக்குள்ள வழக்குப் போட்டு அந்தக் கிரயத்தை உடைக்கலாம். அதனால விவரம் தெரிஞ்சவன் மைனர் சொத்துன்னு கேட்டதும் அட்வான்சைத் திருப்பி வாங்கிட்டு ஓடிப்போவான்.

அன்னைக்கு அந்த அப்பனுக்கு என் மேல கோவம். “என் மகன் சொத்து, நான் விக்கக்கூடாதா?” நான் சொன்னேன்: “உங்க மகன்தான். ஆனா சொத்து மகனோடதுல்ல?”

இப்ப பேத்தி போனைப் பாக்கிறப்போ எனக்கு அந்த ரெண்டு ஏக்கர்தான் ஞாபகம் வருது. ஏழு வயசுப் பையனோட கரிசல் மண்ணுக்கு நீதிபதி காவல். அவன் மூஞ்சிக்குக் காவல் இல்லை. முகமும் ஒரு சொத்துதானே? அதை வச்சுத்தான் நாளைக்கு அவன் வேலைக்குப் போகணும், பொண்ணு பாக்கப் போகணும், கடன் கேட்டு நிக்கணும். நிலமாவது வித்தா ஒருத்தனுக்குப் போகும். இது ஒரே சொத்தை ஒரே நேரத்துல 40,000 பேருக்குக் கிரயம் பண்ற வித்தை.

பேத்தி ஒவ்வொரு படம் போடுறப்பவும் எனக்குள்ள ஒரு பத்திரம் தானா எழுதிக்கிட்டு ஓடுது. பழக்க தோசம். கேளுங்க:

‘கிரயம் எழுதிக் கொடுப்பவர்: தாயார், தனக்காகவும் தன் மைனர் மகனுக்குக் கார்டியனாகவும். எழுதி வாங்குபவர்: கட்டைவிரல் உள்ள யாவரும். சொத்து விவரம்: மைனரின் முகம் ஒன்று, அழுகை ஒன்று, பிறந்தமேனி ஒன்று, வாயில் பல் நான்கு. செக்குபந்தி: இன்ஸ்டாகிராமுக்கு மேற்கு, யூடியூபுக்குக் கிழக்கு, சம்பந்தி வீட்டு வாட்ஸ்ஆப் குரூப்புக்குத் தெற்கு, யாரென்றே தெரியாதவர் வீட்டுக்கு வடக்கு, இதன் மத்தியில் பட்டது. கிரயத் தொகை: லைக்கு நானூறு. இதை இனிமேல் தாங்கள் புத்திர பௌத்திர பாரம்பரியமாய்ச் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. பின்னிட்டு மைனர் மேஜராகி அழுதால் அது செல்லத்தக்கதல்ல.’

விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைக்காதீக. என் சின்னப் பேரன் மதுரையில வக்கீலுக்குப் படிக்கிறான். காதுகுத்துல மடி கொடுத்த தாய்மாமன் அவன்தான். இன்ஸ்டாகிராம்ல சேர்றப்போ ‘சம்மதம்’னு தட்டுறோமே, அந்தச் சரத்தைப் படிச்சுச் சொல்லுடான்னேன். படிச்சான். நாம போடுற படம் நம்மளோடதுதானாம், பெரிய மனசு. ஆனா அதைப் பயன்படுத்த, நகலெடுக்க, மாத்தியமைக்க, வேற ஆளுக்குக் கைமாத்த, உலகம் பூராவுக்கும் செல்லுபடியா, காசில்லாம ஒரு உரிமத்தை அவுகளுக்கு எழுதிக் கொடுக்கிறோமாம். ‘தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்’னு நான் 40 வருசம் எழுதின வாசகம்தான், அமெரிக்காவுல ஒரு பத்திர எழுத்தர் இங்கிலீசுல எழுதியிருக்காரு. தொழில்காரனுக்குத் தொழில்காரன் ஒரு கும்பிடு போட்டுக்கிட்டேன். படத்தை அழிச்சா உரிமமும் முடிஞ்சிருமாம். அதுக்குள்ள எவன் எவன் தன் போனுல நகல் எடுத்து வச்சானோ, அதுக்கு வில்லங்கச் சான்று எந்த ஆபீஸ்ல கேட்க?

“பேர் எடுக்கத்தானே தாத்தா? பிள்ளைக்குத்தானே புகழு?”ன்னு மாப்ளை கேட்டாரு. நல்ல மனுசன். பேத்தி போனைப் பிடிச்சா அவரு லைட்டைப் பிடிப்பாரு. புகழு வந்த பிள்ளை ஒருத்தன் கதை சொல்றேன் கேளுங்க மாப்ளை.

சாப்ளின் 1921ல ‘தி கிட்’னு ஒரு படம் எடுத்தாரு. தொளதொளன்னு கால்சட்டையும் தொப்பியுமா ஒரு பொடியன் அவரு காலைச் சுத்திச் சுத்தி வருவான். ஜாக்கி கூகன்னு பேரு. உலகமே அவனைக் கொஞ்சுச்சு. பிள்ளைப் பருவத்துலயே 30, 40 லட்சம் டாலர் சம்பாதிச்சான்னு கணக்கு. வயசுக்கு வந்து ‘என் காசு எங்கே’ன்னு கேட்டா, அம்மாவும் அம்மாவோட ரெண்டாவது வீட்டுக்காரரும் செலவழிச்சு முடிச்சிருந்தாங்க. மைனர் சம்பாத்தியம் பெத்தவங்களுக்குத்தான்னு அப்ப அங்க சட்டம். 1938ல கோர்ட்டுக்குப் போனான். கைக்குக் கிடைச்சது சுமார் 1,26,000 டாலர். மறு வருசமே கலிபோர்னியாவுல அவன் பேர்லயே சட்டம் வந்துச்சு. பிள்ளை நடிகரோட சம்பாத்தியத்துல ஒரு பங்கைப் பிள்ளை பேர்ல பூட்டி வைக்கணும்னு. உலகமே கொஞ்சின பிள்ளை, பெத்தவ மேல வழக்குப் போட்டுத்தான் பாதிச் சாப்பாட்டை வாங்கித் தின்னான்.

நம்ம நாட்டுலயும் உண்டு. சினிமா, சீரியலுக்குப் பிள்ளையை நடிக்க வச்சா, 2017ல திருத்தின குழந்தைத் தொழிலாளர் விதிப்படி, மாவட்ட நிர்வாகத்துகிட்ட அனுமதி வாங்கணும். ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது. மூணு மணி நேரத்துக்கு மேல ஓய்வில்லாம விடக்கூடாது. சம்பளத்துல குறைஞ்சது 20 சதவீதம் பிள்ளை பேர்ல அரசு வங்கியில டெபாசிட். சினிமாக்காரனுக்கு இவ்வளவு கடிவாளம். அதே பிள்ளையை வீட்டுல அம்மா நிறுத்தி, ‘சிரி… இன்னொரு தடவை… இந்தப் பவுடர் டப்பாவைப் பிடி… கேமராவைப் பாரு’ன்னா, கலெக்டர் எங்க இருந்து வருவாரு? வர்றது பவுடர் கம்பெனிதான்.

மாப்ளைகிட்ட மெதுவாக் கேட்டேன். “பவுடர் கம்பெனி கொடுத்தது பிள்ளை கணக்குலதானே இருக்கு?”

“பிள்ளைக்காகத்தான் தாத்தா செலவு பண்றோம்.”

“என்ன வாங்கினீக?”

“ரிங் லைட்டு.”

பாவம், பதினோரு மாசப் பிள்ளைக்கு ரொம்ப நாளா அந்த ஆசை இருந்திருக்கும்.

அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல 2024 சூலை முதல் இதுக்கும் சட்டம் வந்துருச்சு. பிள்ளையை வச்சு வீடியோ போட்டுச் சம்பாதிக்கிறவுக, பிள்ளையோட பங்கைத் தனியா ஒதுக்கணும். ஒதுக்கலேன்னா பிள்ளை 18 வயசானதும் வழக்குப் போடலாம். அந்த நாட்டுலயே அதுதான் முதல் சட்டமாம். இது எப்படி வந்துச்சுன்னா, ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு தன் தொகுதிக்காரருக்கு எழுதிப் போட்டு வந்துச்சாம். மைனரே மனு எழுதியிருக்கா. என் தொழிலுக்கு ஏத்த பிள்ளை.

காசு ஒரு பக்கம் கிடக்கட்டும். மானம்னு ஒண்ணு இருக்குல்ல.

1991ல நிர்வாணான்னு ஒரு அமெரிக்கப் பாட்டுக் கோஷ்டி. பேரே அப்படித்தான். அவுக ‘நெவர்மைண்ட்’ங்கிற இசைத்தட்டு அட்டையில நாலு மாசப் பிள்ளை ஒண்ணு அம்மணமாத் தண்ணிக்குள்ள நீந்தும். பெத்தவங்களுக்குக் கொடுத்தது 200 டாலர். தட்டு கோடிக்கணக்குல வித்துச்சு. அந்தப் பிள்ளை வளந்து, நடுவுல அவனே ஆசையா அதே மாதிரி நீந்திப் படத்துக்கு நின்னவன், 30 வயசுல, 2021ல, கோர்ட்டுக்குப் போயிட்டான். என்னைக் கேக்காம என் அம்மணத்தை உலகத்துக்கு வித்துட்டாங்கன்னு. வருசக்கணக்கா இழுத்து, கடைசியில 2025ல வழக்கைத் தள்ளிட்டாங்க. வீட்டுல பிள்ளையைக் குளிப்பாட்டுற படம் மாதிரிதான் இதுவும்கிறது தீர்ப்பு. சரி, சட்டத்துல அவன் தோத்தான். நான் யோசிச்சது வேற. என்னையும் குப்பைமேட்டுல போட்டாங்க. ஆனா ஒரு படித் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிட்டாங்க. அவனை யாராலயும் திரும்ப வாங்க முடியலையே.

பேத்தி போட்ட ஒரு குளியல் படத்தைக் காட்டி மாப்ளைக்கு ஒரு யோசனை சொன்னேன். “நல்லா இருக்கு மாப்ளை. ஒரு வாரம் மாத்திப் போடுவோம். தெருக் குழாயடியில துண்டோட நீங்க குளிக்கிறதை எடுத்து, ‘என் செல்லக் குட்டி குளிக்குது’ன்னு போடச் சொல்லுங்க. எப்படிப் போகுதுன்னு பாப்போம்.” மாப்ளை சட்டைப் பொத்தானை எல்லாம் சரிபாத்துக்கிட்டாரு. பாருங்க, பிள்ளைக்கும் பொத்தான் உண்டு. போடத் தெரியாது, அவ்வளவுதான்.

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். ஒரு நாள் மட்டும் சிரிப்பு வரலை.

பேத்திக்கு மூத்த மக ஒருத்தி இருக்கா, ஒன்பது வயசு. போன வாரச் சந்தைக்கு என்கூட வந்தா. சேவு வாங்கிக்கிட்டு நிக்கிறோம். முன்னப்பின்ன தெரியாத ஆளு ஒருத்தன், நாப்பது வயசு இருக்கும், வீட்டுல நாங்க அவளைக் கூப்பிடுற செல்லப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். “ஏய், பாய்ல மூத்திரம் போயிட்டுத் தம்பி மேல பழி போட்ட பாப்பா நீதானே?” பல்லைக் காட்டிச் சிரிச்சான். எந்த ஸ்கூலு, எந்த வேன், எல்லாம் சொன்னான். நல்லவனாவே இருக்கலாம். பிள்ளை என் வேட்டிக்குப் பின்னால போயி ஒளிஞ்சது. சந்தை முடிஞ்சு வீடு வர்ற வரைக்கும் வேட்டியை விடலை. சேவும் தின்னலை.

நாங்க சின்னப் பிள்ளையில வெளியூர்க்காரனைப் பாத்தா ‘நீ யாரு வீட்டுப் பிள்ளை?’ன்னு அவன்தான் கேப்பான். நாம சொன்னாத்தான் அவனுக்குத் தெரியும். சொல்றதும் சொல்லாம ஓடுறதும் நம்ம கையில. இப்ப பிள்ளைக்கு ஊரைத் தெரியாது, ஊருக்குப் பிள்ளையைத் தெரியும். ஸ்கூல் பேட்ஜோட முதல் நாள் படம், வேன் ஏறுற படம், வீட்டு நம்பரோட வாசல்ல கோலப் படம். அந்தக் காலத்துக் களவாணி மூணு நாள் தெருவுல சுத்தி நோட்டம் பாக்கணும். அவன் பிழைப்பை இவ்வளவு சுலபமாக்கிக் கொடுத்ததுக்கு அவன் கைமாறு செய்யணும்.

படத்தை வச்சு என்னென்னமோ செய்யலாமாம் இப்ப. ஜெர்மனிக்கார போன் கம்பெனி ஒண்ணு, டாய்ச்ச டெலிகாம்னு, 2023ல ஒரு விளம்பரம் எடுத்துச்சு. எல்லான்னு ஒன்பது வயசுப் பிள்ளை. பெத்தவங்க போட்ட படத்தையே வச்சு, கம்ப்யூட்டர் மூளையால அவளை வளந்த பொண்ணா மாத்தி, தியேட்டர் திரையில அப்பா அம்மா முன்னால பேச வச்சாங்க. ‘என் முகத்தை வச்சு, குரலை வச்சு நாளைக்கு எவனும் எதுவும் பண்ணலாம், இதைத்தான் எனக்கு நீங்க எழுதி வச்சீங்களா’ங்கிற தோரணையில அந்தப் பொம்மைப் பொண்ணு கேக்குது. பெத்தவங்க முகத்துல ஈயாடலை. பேரன் போட்டுக் காமிச்சான். பேத்தி பக்கத்துலதான் இருந்தா. போனைக் கவுத்து வச்சா. அஞ்சு நிமிசம் இருக்கும்.

“அரசாங்கம் சும்மாவா இருக்கு?”ன்னு பேரனைக் கேட்டேன். 2023ல தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துருச்சு, 2025 நவம்பர்ல விதியும் வந்துருச்சுன்னான். 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையோட விவரத்தைக் கம்பெனிக்காரன் தொடணும்னா பெத்தவங்க சம்மதத்தைச் சரிபாத்து வாங்கணுமாம். நல்ல சட்டம். களத்துக்குக் காவல் போட்டாச்சு. காவக்காரர்கிட்டதான் களத்துச் சாவி. காவக்காரரே தினம் ரெண்டு மூட்டையைத் தூக்கிட்டுப் போயி ரீல்ஸுல கொட்டினா யாரைக் கேக்க? வீட்டளவுல சொந்தத்துக்கு வச்சுக்கிற படத்துக்கு இந்தச் சட்டம் கிடையாதுன்னும் சொன்னான். சரிதான், வீட்டுச் சமையலுக்கு லைசென்ஸ் எதுக்கு? அந்தச் சோத்தைத் தெருவுல பந்தி போட்டா அப்புறம் அது வீட்டுச் சமையலா, ஓட்டலா?

இப்படி நான் பேத்தியை வறுத்துக்கிட்டு இருந்தப்போ, மாப்ளை ரொம்பப் பவ்யமாத் தொண்டையைக் கனைச்சாரு. “தாத்தா, போன பொங்கலுக்குப் பெரியவ தலையில பேன் பாக்கிற படத்தை நம்ம சொந்தக்காரங்க குரூப்புல போட்டது நீங்கதானே?”

ஆமா, நான்தான். அதோட விட்டேனா? ‘பேன் வேட்டை’ன்னு தலைப்பு வேற. 212 பேரு இருக்கிற குரூப்பு. அதுல பாதிப் பேரு எனக்கு யாருன்னே தெரியாது. அதுவும் போதாதுன்னு, அவ முன்பல்லு ரெண்டும் விழுந்த படத்தை என் டிபியா வச்சிருக்கேன். கூட்டத்துல சிரிப்பு. காதுகுத்துல பேத்திக்கு நடந்தது எனக்கும் நடந்துச்சு.

பேரன் விடுவானா? நெதர்லாந்து நாட்டுல ஒரு பாட்டி கதையை எடுத்து விட்டான். பேரப்பிள்ளைங்க படத்தை ஃபேஸ்புக்குலயும் பின்ட்ரெஸ்ட்டுலயும் போட்டுச்சாம் கிழவி. மகள் எடுக்கச் சொல்லியும் எடுக்கலை. 2020ல கோர்ட்டு ‘எடு, எடுக்கலேன்னா நாளுக்கு 50 யூரோ, ஆயிரம் வரைக்கும்’னுருச்சு. ஊருக்குப் பாக்கத் திறந்து வச்சா அது வீட்டு விவகாரமாகாதுன்னுட்டாங்களாம். ‘தாத்தா, உங்களுக்கு முதியோர் பென்ஷன் எவ்வளவு’ன்னு கேட்டான் பேரன். வெற்றிலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டேன். பதில் சொல்ல வேண்டாத நேரத்துக்குன்னே ஆண்டவன் படைச்ச இலை அது.

யோசிச்சுப் பாத்தா பேத்தி மேலயும் தப்பு சொல்ல முடியலை. எங்க அம்மா பிள்ளை பெத்தப்போ வீட்டுக்குள்ள அஞ்சு பொம்பளைங்க. பிள்ளை சிரிச்சா பாக்க ஆளு, அழுதா தூக்க ஆளு, ‘நீ நல்லாத்தான் வளக்கிறே’ன்னு சொல்ல ஆளு. பேத்தி டவுனுல மூணாவது மாடியில, கதவைச் சாத்திக்கிட்டு, பிள்ளையும் தானுமா இருக்கா. மாப்ளை ராத்திரி ஒன்பதுக்கு வருவாரு. பிள்ளை முதல் தடவை குப்புற விழுந்தப்போ அவ யாரைக் கூப்பிடுவா? போனைத்தான் கூப்பிட்டா. நானூறு பேரு ‘சூப்பர்’னாங்க. நாங்க சொல்ல வேண்டியதை அவுக சொன்னாங்க. நாங்க தூரத்துல இருந்தது எங்க குத்தம்.

அதனால ‘படமே போடாதே’ன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வழி சொல்றேன், தாயி. நம்ம வீட்டு மொய் நோட்டை எடு. உன் கல்யாணத்துக்கு, வளைகாப்புக்கு, இந்தக் காதுகுத்துக்கு யார் யார் வந்து உக்காந்து, சாப்பிட்டு, மொய் எழுதினாகளோ, அவுகளுக்குப் பிள்ளை படத்தை அனுப்பு. வீட்டுல ஒரு சாவுன்னா பஸ் பிடிச்சு வர்றவனுக்குப் பிள்ளை சிரிக்கிறதைப் பாக்க உரிமை உண்டு. மத்தவனுக்கு எதுக்கு? நோட்டுல பேரு இல்லாதவன் பந்தியில உக்காந்தா எழுப்பிவிட மாட்டோம், சரி. அவன் வீட்டுக்குப் பிள்ளையைப் பார்சல் கட்டியா கொடுப்போம்? பாயில மூத்திரம் போனது, பேன் பாத்தது, அழுதது, அம்மணமா ஓடினது, இதெல்லாம் மொய் எழுதினவனுக்கும் கிடையாது. அது பிள்ளை மேஜரானதும் அவனுக்கே கொடுக்க வேண்டிய மூலப்பத்திரம். பெட்டியில வை.

பேத்தி பதில் சொல்லலை. ஆனா மொய் நோட்டை எடுத்துப் போனதைப் பாத்தேன். பாக்கி மொய் கணக்குப் பாக்கத்தான் எடுத்தாளோ என்னமோ, நான் கேக்கலை.

என் கணக்கை நான் தீக்கணும்ல. குரூப்புல பேன் படத்தை அழிச்சேன். 212 பேர்ல எத்தனை பேரு வச்சிருக்கானோ, அது அவன் பாடு. அப்புறம் டிபியோட பெரியவகிட்டப் போனேன். பல்லு ரெண்டும் முளைச்சாச்சு, இப்ப வேற முகம். முறைப்படி செய்வோம்னு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்துக்கிட்டே போனேன்.

“ஆத்தா, இந்தப் படத்தைத் தாத்தா போனுல வச்சுக்கிடட்டுமா? சரின்னா இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

அவ படத்தைப் பாத்தா. தாளைப் பாத்தா. என்னை ஏற இறங்கப் பாத்தா.

“மைனர் கையெழுத்துச் செல்லாதுன்னு நீங்கதானே தாத்தா சொன்னீங்க?”

நாப்பது வருசத்துல என் பத்திரத்தை ஒரு சார்பதிவாளர்கூட இப்படித் திருப்பி அனுப்பினது இல்லை. டிபியில இப்ப எங்க மயிலைக் காளை நிக்குது. அதுக்குப் பல்லு சேந்தாச்சு, மேஜர்தான். பெரியவளுக்கு 18 ஆகணும்னா இன்னும் ஒன்பது வருசம். எனக்கு இப்ப 78. வெள்ளைத்தாளை மடிச்சுப் பெட்டியில வச்சிருக்கேன்.